கிளவுஸைக் கழற்றிவிட்டு ரெஸ்லிங் போகலாமா?

என் அக்கா மகன் கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு சைக்கிளில் வந்து என்னிடம் பாக்சிங் பழகியவன். வயது 22, உயரம் 6 அடி 2 அங்குலம், எடை 95 கிலோ. போன மாதம் வந்து, "மாமா, ஜலந்தர் போய் ரெஸ்லிங் கத்துக்கலாம்னு இருக்கேன்" என்றான். பஞ்சாப் போலீஸில் இருந்து ரெஸ்லிங்குக்குப் போய், 2007-ல் டிவியில் வரும் அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ-யின் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய கிரேட் காளி, 2015-ல் அங்கே தொடங்கிய பயிற்சிக்கூடம் அவன் கண்ணில் நிற்கிறது. அக்காவுக்கு இஷ்டமில்லை. "அது நடிப்புத்தானே தம்பி, நீயாவது எடுத்துச் சொல்லு" என்கிறாள்.

அவன் முன்னால் இருப்பது மூன்று வழி. பாக்சிங்கிலேயே நிற்பது. பாக்சிங்கில் பேர் வாங்கிய பிறகு ரெஸ்லிங் மேடையில் விருந்தாளியாக ஏறுவது. இல்லையென்றால் இப்போதே முழுசாகத் தொழில் மாறுவது.

விருந்தாளி வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பாக்சர் மைக் டைசன் 1998-ல் டபிள்யூடபிள்யூஇ-யின் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியான ரெஸ்லிமேனியாவில் கூடுதல் நடுவராக நின்றார். 2008-ல் பாக்சர் ஃபிளாய்ட் மேவெதர் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ரெஸ்லர் பிக் ஷோவோடு மோதினார். 2019-ல் பாக்சர் டைசன் ஃபியூரி ரியாத்தில் ரெஸ்லர் பிரான் ஸ்ட்ரோமனோடு ஆடினார். மூவரும் வந்தார்கள், சம்பாதித்தார்கள், போய்விட்டார்கள். உலகம் அறிந்த முகத்துக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். கோட்டையூர்ப் பையனுக்கு அது வழியே இல்லை.

தொழில் மாறியவர்கள் கதைதான் எனக்கு முக்கியம். இத்தாலியின் பிரிமோ கார்னெரா 1933-ல் பாக்சிங்கில் உலக ஹெவிவெயிட் சாம்பியன். மறு வருஷமே மேக்ஸ் பேர் என்ற பாக்சரிடம் பத்துத் தடவைக்கு மேல் கீழே விழுந்து பட்டத்தை இழந்தார். சம்பாதித்ததில் பெரும்பகுதி மேனேஜர்கள் கைக்குப் போனது. 1946-ல், 39 வயதில், அமெரிக்காவில் ரெஸ்லிங்கில் இறங்கி வருஷக்கணக்கில் கூட்டம் சேர்த்தார். ஜோ லூயிஸ் அவரைவிட எத்தனையோ மடங்கு பெரிய குத்துச்சண்டை வீரர். 1937 முதல் 1949 வரை சாம்பியன், 25 தடவை பட்டத்தைக் காத்தவர். வரிப் பாக்கி கழுத்தை நெரிக்க, 1956-ல், 41 வயதில், ரெஸ்லிங் மேடை ஏறினார். சில ஆட்டங்களிலேயே இதயத்தில் கோளாறு தெரிந்து விலக வேண்டியதாயிற்று. பிறகு நடுவராக நின்றார். வயதில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் அதைத் தன் பிழைப்பாகவே எடுத்துக்கொண்டார், மற்றவர் கடன் அடைக்க வந்தார். எனக்குத் தெரிகிற வித்தியாசம் அதுதான்.

பாக்சர் முகமது அலியும் ஜப்பான் ரெஸ்லர் இனோகியும் 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் மோதியது இதில் சேராது. அது முடிவை முன்கூட்டியே பேசாமல், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆட்டம். இனோகி மல்லாந்து படுத்தபடி அலியின் காலையே உதைத்துக்கொண்டிருந்தார். அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 15 ரவுண்டும் முடிந்து டிரா. காலில் ரத்தம் கட்டி அலி ஆஸ்பத்திரிக்குப் போனார். எதிராளியின் தொழிலைக் கற்காமல் மேடை ஏறினால் பார்க்கிறவனுக்கும் லாபமில்லை.

அக்கா சொல்லும் "நடிப்பு" என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. முடிவு முன்கூட்டியே பேசியதுதான், ஆனால் விழுவது நிஜம். இரண்டு ரிங்கும் ஏறக்குறைய ஒரே அளவு, 20 அடி. பாக்சிங்கில் கயிறு நாலு, ரெஸ்லிங்கில் மூன்று. பாக்சிங்கில் விழுந்தால் பத்து எண்ணுவார்கள். ரெஸ்லிங்கில் ஒரு ராத்திரியில் இருபது தடவை விழுவதே வேலை. மல்லாந்து விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை அடிபடும். இதில் பாக்சருக்கு ஒரு சௌகரியம்: முகவாயை இறக்கி வைக்க நான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த பையன் வேறு. மாடு முட்டித் தள்ளினால் எழுந்து ஓடாதே, அப்படியே குப்புறக் கிட என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டவன். தரையைக் கண்டு அவன் உடம்பு பயப்படவில்லை.

சிக்கல் கையில்தான். பாக்சர் குத்தினால் அது எதிராளியின் உடம்புக்குள் போக வேண்டும் என்றே பழகியிருக்கிறான். ரெஸ்லரின் கை தோலோடு நின்றுவிட வேண்டும், காலால் ரிங்கின் தரைப் பலகையில் ஓங்கி மிதித்துச் சத்தம் தர வேண்டும். எதிரே நிற்பவன் உடம்பு நம் பொறுப்பு. பத்து வருஷம் படிந்த பழக்கத்தைக் கழற்றுவது லேசில்லை.

பாக்சிங்கிலேயே நிற்பதற்கும் நியாயம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, ராணுவம் என்று வேலைக்கு வழி உண்டு; அக்கா நினைப்பதும் அதைத்தான். ஆனால் 2013 முதல் பெரியவர்கள் பிரிவு ஆண்களுக்குத் தலைக்கவசம் கிடையாது. தலையில் வாங்கும் அடி சேர்ந்துகொண்டே போகும். ரெஸ்லிங்கில் கழுத்தும் முதுகும் முட்டியும் தேயும். இரண்டிலும் உடம்புதான் முதல். எனக்குத் தலையைவிட முட்டி போவது தேவலை என்று படுகிறது.

அதனால் போகட்டும் என்றே சொன்னேன், ஒரு நிபந்தனையோடு. மூன்று மாசம் இங்கேயே பாயில் விழுந்து பழக வேண்டும், குத்தை அடக்கப் பழக வேண்டும். அதுவரை வேலைக்கு விண்ணப்பம் போடுவதையும் நிறுத்தக்கூடாது.

முதல் நாள் என் நெஞ்சிலேயே குத்தச் சொன்னேன். அடக்கித்தான் விட்டான், ஆனாலும் மூன்று நாள் விலா வலித்தது. அக்கா திட்டிக்கொண்டே தைலம் கொடுத்துவிட்டாள். நேற்று மறுபடி நின்றேன். கால் "டம்"மென்று தரையில் விழுந்தது, முஷ்டி சட்டையைத் தொட்டு நின்றது. "வலிக்குதா மாமா?" என்று அவன் பயந்து கேட்டான். இல்லை மாப்ளே, இன்னொரு தடவை விடு என்றேன்.