நாலு, அஞ்சு, ஆறாமாண்டு தமிழ்ப் பாடம்: வெள்ளிக்கிழமை இலக்கணமா, தினம் பத்து நிமிசமா, கட்டுரையிலேர்ந்தே இலக்கணமா?

படிநிலை ரெண்டுக்கு, அதாவது நாலு, அஞ்சு, ஆறாமாண்டுக்கு தமிழ் எடுக்கிற டீச்சருங்க ரெண்டு பேரு சேர்ந்தா பேச்சு எங்க சுத்தினாலும் கடைசில இங்கதான் வந்து நிக்கும், வாரத்துல இருக்குற கொஞ்ச நேரத்துல கட்டுரையையும் இலக்கணத்தையும் எப்படி அடுக்குறதுன்னு. ஆளாளுக்கு ஒரு முறை வெச்சிருக்காங்க, அவங்கவங்க முறைதான் சரின்னு சண்டையும் போடுறாங்க. நான் பாத்த வரைக்கும் நாலு வழி இருக்கு, நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம்.

எந்த மாதிரி வகுப்புன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா கோலாலம்பூர்ல நாப்பது பேரு உக்காந்திருக்குற வகுப்புக்கு சரியா வர்றது இங்க வராது. நம்ப பக்கம் சிலாங்கூர்ல உள்ள பெஸ்தாரி ஜெயா, பாதி பேரு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைனுதான் சொல்றோம். சுத்தியும் செம்பனை, நடுவுல பழைய ஈயக் குட்டைங்க. பிள்ளைங்க வீட்டுல தமிழ்தான் பேசுறாங்க, ஆனா மலாய் நிறைய கலந்து வரும், எழுத்துத் தமிழ் பள்ளியில மட்டும்தான் காதுல விழுது. வகுப்பும் சின்னது. 150 பேரும் அதுக்குக் கீழயும் உள்ள பள்ளிங்களை குறைந்த மாணவர் பள்ளின்னு சொல்வாங்களே, தோட்டப் பக்கம் முக்காவாசி அந்தக் கணக்குலதான் வரும், சில இடத்துல ரெண்டு ஆண்டை ஒரே அறையில போட்டு நடத்துறாங்க.

முதல் வழி, பாடப்புத்தகம் போற வழி. ஒரு தொகுதிக்கு அஞ்சு பாடம்: கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், கடைசில இலக்கணம். திங்கள் முதல் பாடம், வெள்ளி கடைசிப் பாடம்னு வெச்சுக்கிட்டா வாரம் தானா ஓடிடும். இதுல உள்ள நிம்மதிய நான் குறைச்சு சொல்ல மாட்டேன், ஆண்டுப் பாடத்திட்டத்துல அப்படியே இருக்கு, நாள் பாடத்திட்டம் எழுதுறதுக்கு தலையப் பிச்சுக்க வேணாம், நீங்க எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு போட்டாலும் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து விட்ட இடத்துலேர்ந்து பிடிச்சுக்கலாம், எந்தத் திறனும் விட்டுப் போகாது. புதுசா போஸ்டிங் வந்தவங்க முதல் வருசம் இதையே பிடிச்சுக்கிட்டு போறது நல்லதுன்னுதான் நான் சொல்வேன்.

ஆனா ஓட்டை எங்கன்னா, எழுத்துப் பாடம் முன்னாடி வருது, இலக்கணம் பின்னாடி வருது, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. புதன்கிழமை பிள்ளை கம்போங் குவாந்தான் மின்மினியப் பத்தி எழுதுது, "மின்மினிகள் மரத்தில் மின்னுகிறது"ன்னு. மின்னுகின்றனன்னு வரணும், ஒருமை பன்மை தடுமாற்றம், வகுப்புல பாதி பேரு இதே மாதிரிதான் எழுதுவாங்க. வெள்ளிக்கிழமை இலக்கணம் என்னன்னு பாத்தா செய்வினை செயப்பாட்டு வினை. கட்டுரை நோட்டு சிவப்பு மையோட திரும்பி வர்றது அடுத்த வாரம், அதுக்குள்ள புத்தகம் வேற தொகுதிக்கு, வேற கருப்பொருளுக்கு போயாச்சு. பிள்ளை திருத்தம்னு சொல்லி அந்த ஒரு சொல்லை மூணு தரம் எழுதிட்டு நோட்டை மூடிடும். இதுல வெள்ளிக்கிழமை பொது விடுமுறையோ விளையாட்டுப் போட்டியோ வந்துச்சுன்னா அடிபடுறது எப்பவும் இலக்கணம்தான்.

ரெண்டாவது வழி, தினம் பத்து நிமிசம். ஒவ்வொரு தமிழ்ப் பாடவேளை ஆரம்பத்துலயும் வெண்பலகையில ரெண்டு பிழை வாக்கியம் எழுதிப் போடுறது, பிள்ளைங்க திருத்துறது, அப்புறம் அன்னைக்கு பாடம். ஒரு பாடவேளையே 30 நிமிசம்தான், ரெண்டு சேர்ந்து வந்தாதான் மூச்சு விட முடியும், அதுல பத்து நிமிசம் பெரிய துண்டு. இருந்தாலும் ஒரே விசயம் நாள் தவறாம கண்ணுல படுறதால வலிமிகும் இடம், ஒரு ஓர், நிறுத்தற்குறி இதெல்லாம் நல்லா ஏறுது, தயார் பண்றதுக்கும் நேரம் எடுக்காது.

எனக்கு பிடிக்காதது அந்தப் பிழை வாக்கியம்தான். பலகையில பிழைய வேட்டையாடுறதுல பிள்ளைங்க கில்லாடி ஆயிடுறாங்க, அவங்க சொந்தக் கட்டுரையில அதே பிழை ஜாலியா உக்காந்திருக்கு. அதுவும் லகர ளகர ழகரத்துல கெட்டிக்காரப் பிள்ளைக்கு பரவாயில்ல, மெதுவா படிக்கிற பிள்ளை தப்பா எழுதிப் போட்ட "வாளைப்பழம்"ங்கிறதையே மனசுல பதிச்சுக்கும். அதுக்கு பழைய சொல்வதெழுதுதலே மேல்.

அதே பத்து நிமிசத்துல வாக்கியத்தை இணைக்கச் சொன்னா விசயமே மாறிடுது. தோட்டத்துல எல்லாப் பிள்ளையும் பாத்ததுதான்: "அத்தை பழத்தைப் பொறுக்கினார். பழம் உதிர்ந்தது. சாக்கில் போட்டார். கட்டினார்." நாலையும் ஒண்ணாக்குன்னு விட்டா "அத்தை உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினார்"னு வரணும். ஒரே வரி, ஆனா உள்ள எத்தன இருக்கு பாருங்க, பழத்தைப்ங்கிறதுல ரெண்டாம் வேற்றுமைக்கு அப்புறம் வலிமிகுது, பொறுக்கிச் போட்டுக் ரெண்டுலயும் வினையெச்சத்துக்கு அப்புறம் மிகுது, உதிர்ந்த பழம்ங்கிறதுல பெயரெச்சம், மிகல. கூடவே "மில்லுக்குக் கொண்டு போனார்"னு சேர்த்தா இன்னும் சுவாரசியம், கு உருபுக்கு அப்புறம் மிகும், கொண்டுங்கிறதுக்கு அப்புறம் மிகாது, ஏன்னு ஒரு ஆறாமாண்டு பய கேட்டான்னா மென்தொடர்க் குற்றியலுகரம்னு சொல்லிட்டுப் போகலாம், கேக்காட்டி விட்டுடலாம். தமிழ்ல வாக்கியம் நீளுறதே பெரும்பாலும் எச்சத்தாலதான், அதனால இணைக்கிற பயிற்சியே இலக்கணப் பயிற்சியும் ஆயிடுது, தனியா விதி அட்டை ஒட்டி வெக்க வேண்டியதில்ல.

இது என் இஷ்டத்துக்கு சொல்றது இல்ல. ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின்னு ரெண்டு பேரு 2007-ல, நாலாம் வகுப்புலேர்ந்து 12-ஆம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோட எழுத்தைப் பத்தின ஆய்வுங்களை எல்லாம் சேர்த்து அலசினாங்க. வாக்கியம் இணைக்கிற பயிற்சிக்கு 0.50 அளவு பலன் வந்துச்சு, தனியா இலக்கணம் நடத்துனதுக்கு மைனஸ் 0.32, மைனஸ்னா எழுத்து மத்தவங்களை விட பின்தங்குச்சுன்னு அர்த்தம். இது இங்கிலீஷ் எழுத்துக் கணக்கு, நம்ப சந்தி விதியெல்லாம் அதுல கிடையாது, அதனால இலக்கணமே வேணாம்னு யாரும் கொடி பிடிக்க வேணாம். ஆனா எழுத்தோட ஒட்டாத இலக்கணம் எழுத்துக்கு உதவலங்கிறதை நம்ப கட்டுரை நோட்டைத் திறந்தாலே தெரிஞ்சுக்கலாம்.

மூணாவது வழி, கட்டுரையிலேர்ந்தே இலக்கணத்தை எடுக்கிறது. திங்கள் எழுத வெச்சு, அன்னைக்கு சாயங்காலமே நோட்டை புரட்டிப் பாத்து, வகுப்புல அதிகம் பேரு விட்ட பிழை எதுவோ அது ஒண்ணை மட்டும் பிடிச்சு, புதன் அதை நடத்தி, வியாழன் அதே கட்டுரைய திரும்ப எழுத வெக்கிறது. நாலுலயும் எழுத்து நிஜமாவே மாறுறத நான் பாக்குறது இதுலதான். காரணம் ரொம்ப சாதாரணம், படிச்ச விதிய அடுத்த நாளே, தன் சொந்த வரியில, பிள்ளை பயன்படுத்துது.

ஆனா இதைப் புகழ்றவங்க ரெண்டு விசயத்தை மறைச்சுடுறாங்க. ஒண்ணு வேலை. முப்பது நோட்டை ஒரே ராத்திரியில பாக்கச் சொன்னா யாரால முடியும், சின்ன வகுப்பா இருக்குறதால நம்ப பக்கம் ஓடுது அவ்வளவுதான். ரெண்டாவது இன்னும் பெருசு: பிள்ளை பயன்படுத்தாத இலக்கணத்துல பிழையே வராது. செயப்பாட்டு வினைய எந்த அஞ்சாமாண்டு பிள்ளை தானா எழுதுது? விகாரப் புணர்ச்சியில தோன்றல் திரிதல் கெடுதல்னு பிரிச்சுக் காட்டுற தேவை எந்தக் கட்டுரையில வருது? கட்டுரைய மட்டும் நம்பிப் போனா ஆண்டுப் பாடத்திட்டத்துல பாதி இலக்கணம் தொடாமலே நவம்பர் வந்துடும், அப்புறம் யூஏஎஸ்ஏங்கிற ஆண்டிறுதித் தேர்வுத் தாளைப் பாத்துட்டு பிள்ளை முழிக்கும், நம்பளும் முழிப்போம்.

நாலாவது, டியூஷன் வழி, மாதிரிக் கட்டுரைய மனப்பாடம் பண்ண வெக்கிறது. யுபிஎஸ்ஆர்ங்கிற ஆறாமாண்டு அரசுத் தேர்வுல கட்டுரைக்கு தனித் தாள் இருந்த காலத்துல வேரு விட்டது, 2021-ல யுபிஎஸ்ஆரையே எடுத்தாச்சு, இந்தப் பழக்கம் மட்டும் போகல. எந்தத் தலைப்பு குடுத்தாலும் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கிட்டுதான் வருவாரு, நான் ஒரு பேனாங்கிற தன்கதையில கூட வர்றாரு, பேனாவுக்கு எதுக்குங்க சூரிய உதயம். முழுசா தள்ளிடவும் முடியல, ஒரு வரி கூட எழுத வராத பிள்ளைக்கு நாலு நல்ல வாக்கியம் வாயில இருந்தா ஆரம்பிக்க ஒரு பிடி கிடைக்குது, மரபுத்தொடர் இணைமொழியெல்லாம் அப்படித்தான் நிறைய பேருக்கு வந்துச்சு. ஒரு பத்தி மனப்பாடம் சரி. வாரப் பாடத்தை அது மேல கட்டாதீங்க.

இப்ப நேருக்கு நேரா வெச்சா, தயாரிப்பு வேலை குறைச்சல் முதல் வழியிலயும் நாலாவதுலயும், அதிகம் மூணாவதுல, ரெண்டாவது நடுவுல. பாடத்திட்டம் முழுக்க முடியணும்னா முதல் வழிதான் கியாரண்டி. பின்தங்கின பிள்ளைக்கு இணைக்கிற பத்து நிமிசம் நல்லா கை குடுக்குது, சொல் ஏற்கனவே பலகையில இருக்கு, யோசிச்சு கண்டுபிடிக்க வேணாம். விடுமுறை வந்து ஒரு நாள் போச்சுன்னா ரெண்டாவது வழிக்கு ஒண்ணும் ஆகாது, முதல் வழியில ஒரு பாடம் மொத்தமா காணாம போயிடும், மூணாவதுல எந்த நாள் போச்சுங்கிறதைப் பொறுத்தது. ரெண்டு ஆண்டு ஒரே அறையில இருக்குற கூட்டு வகுப்புக்கு முதல் வழி சுத்தமா ஆகாது, ரெண்டு புத்தகம் ரெண்டு தொகுதின்னு டீச்சர் நடுவுல மாட்டிக்குவாங்க. அங்க அத்தை வாக்கியத்தையே போட்டு நாலாமாண்டு ரெண்டு ரெண்டா இணைக்கட்டும், ஆறாமாண்டு நாலையும் இணைச்சுட்டு, "நாளை நானே வருவேன்" என்று அத்தை கூறினார்ங்கிறதை மறுநாள் தானே வருவதாக அத்தை கூறினார்னு அயற்கூற்றா மாத்தட்டும், ஒரே பலகை போதும்.

என் முடிவு ஒரே ஒரு அளவுகோல் வெச்சுதான்: இலக்கணம் நடத்தின நாளுக்கும் பிள்ளை அதை தன் கட்டுரையில பயன்படுத்துற நாளுக்கும் எவ்வளவு இடைவெளி. ஒரு வாரத்துக்கு மேல போனா எந்த முறையா இருந்தாலும் வேஸ்ட். அதனால மூணாவதை நடுவுல வெச்சு ரெண்டாவதை சுத்தி ஓட விடுறேன். திங்கள் பேசி, நிரலொழுங்கு வரைபடத்துல சம்பவத்தை அடுக்கி, முதல் வரைவு. செவ்வாய் வாசிப்பு, முன்னாடி பத்து நிமிசம் இணைப்பு. புதன் அந்த ஒத்தைப் பிழைக்கான இலக்கணம். வியாழன் ரெண்டாவது வரைவு. ஒரு வாரம் இப்படி எழுத்து, அடுத்த வாரம் புத்தகத்தோட வழக்கமான ஓட்டம், மாத்தி மாத்தி, அப்பதான் நோட்டு பாக்குறதுக்கும் உயிர் இருக்கும், அடைவுநிலை ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் உள்ளதுல யாரு எங்கன்னு பதியுறதுக்கு ரெண்டு வரைவும் கையில சாட்சியா இருக்கும்.

கட்டுரையில வராத இலக்கணத்துக்கு வெள்ளிக்கிழமைய விட்டுடலாம், ஆனா பயிற்சித் தாளோட இல்ல, செய்யுளோட சேர்த்து. புணர்ச்சிய கட்டுரையில தேடினா கிடைக்காது, குறள்ல தேடுங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக" ஒண்ணு போதும். கசடும் அறவும் சேர்ந்து கசடறன்னு ஆகுறப்ப உகரம் கெடுது, கசடறக் கற்பவைல க் தோன்றுது, அதற்குத் தகல கு உருபுக்கு அப்புறம் மிகுது, முதல்லயே கற்க கசடறன்னு வியங்கோளுக்கு அப்புறம் மிகாம நிக்குது. மனனத்துக்கு ஒண்ணு, இலக்கணத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பாடம் தனித்தனியா எடுக்க வேண்டிய வேலை இல்ல.

பெற்றோர் பக்கம் ஒரு பேச்சு வரும், தயாரா இருங்க. "ஏன் டீச்சர், இவ்ளோ பிழை இருக்கு, ஒண்ணுதான் வட்டம் போட்டிருக்கீங்க?" "இந்த வாரம் அந்த ஒண்ணுதாங்க்கா, அடுத்த எழுத்து வாரம் அடுத்தது"ன்னு நான் சொல்லிடுவேன். ரெண்டாவது வரைவை எடுத்துக் காட்டினா அதுக்கு மேல கேக்க மாட்டாங்க.

தீபாவளி மாதிரி மூணு நாள் வாரம் வந்தா புது கட்டுரையே ஆரம்பிக்காதீங்க, போன வரைவை எடுத்து ஒரு பத்திய மட்டும் திரும்ப எழுத வெச்சா போதும், அந்தப் பத்து நிமிச இணைப்பை மட்டும் விட்டுடாதீங்க. ஆறாமாண்டுக்கு யூஏஎஸ்ஏ நெருங்குற கடைசி மாசத்துல மட்டும் நானும் முதல் வழிக்கே போயிடுவேன், விட்டுப் போன இலக்கணத்தை வரிசையா முடிக்க அதை விட வேகமான வழி இல்ல.