வேவ்சர்ஃபர் 7: அலை வரைவதில் கெட்டி, டீகோடிங்கை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்

இரண்டரை மணி நேரக் கச்சேரிப் பதிவு ஒன்றை இணையத்தில் ஏற்றிவிட்டு, அதற்குக் கீழே வெறும் சாம்பல் கோடு போட்ட பிளேயரை வைத்தால், கேட்க வருபவர் தனி ஆவர்த்தனம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அங்கே ஒரு தட்டு, இங்கே ஒரு தட்டு என்று தேடிக்கொண்டிருப்பார். அலைவடிவம் இருந்தால் கண்ணே சொல்லிவிடும். ஆலாபனை மெலிந்த பட்டையாகப் போகும். மிருதங்கம் தனியாக வரும் இடம் ஊசி ஊசியாக நிற்கும். கைதட்டல் தடித்த கட்டியாகத் தெரியும். அந்த இடத்தைத் தொட்டால் அங்கிருந்தே பாட வேண்டும், அவ்வளவுதான் தேவை.

இதை வலைத்தளத்தில் சேர்க்கப் பலரும் எடுப்பது வேவ்சர்ஃபர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். பிஎஸ்டி உரிமம், காசு கிடையாது. 2023இல் வந்த ஏழாம் பதிப்பு டைப்ஸ்கிரிப்டில் அடியிலிருந்து திருப்பி எழுதப்பட்டது. வேறு எந்த நூலகத்தையும் சார்ந்து நிற்கவில்லை. இனி வருவதெல்லாம் இந்தப் பதிப்பைப் பற்றித்தான்.

நிறுவுவதில் சிரமமே இல்லை. பக்கத்தில் அலைக்கான காலிப் பெட்டியாக ஒரு டிவ், ஆடியோ ஃபைலின் முகவரி, இரண்டு நிறம் கொடுத்தால் அலை வந்துவிடும். உயரம் தானாக 128 பிக்சல் இருக்கும். கைபேசிக்கு 64 போதும். தொடர்ச்சியான அலையைவிடப் பட்டை பட்டையாக வரைவது சின்னத் திரையில் தெளிவாகத் தெரியும்: பட்டை அகலம் 2, இடைவெளி 1. தளத்தில் ஏற்கெனவே ஒரு பிளேயர் இருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டாம். அதன் ஆடியோ எலிமென்ட்டை 'மீடியா' என்ற ஆப்ஷனில் கொடுத்துவிடுங்கள். பிளே பட்டன், வேகம், ஒலியளவு எல்லாம் பழையபடியே இருக்கும், அலை மட்டும் கூடச் சேரும். வீடியோ எலிமென்ட்டையும் இப்படியே கொடுக்கலாம். ஏழாம் பதிப்பின் மிகச் சிறந்த முடிவு இதுதான்: ஒலியை வாசிப்பது பிரவுசரின் சொந்த எலிமென்ட், வேவ்சர்ஃபர் வரைவதோடு நிறுத்திக்கொள்கிறது. 'வெப் ஆடியோ' என்ற மாற்று பேக்எண்டும் உண்டு. தேவை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஐஃபோனில் சைலன்ட் சுவிட்ச் போட்டிருந்தால் அந்த வழியில் சத்தமே வராது.

இனித்தான் முக்கியமான விஷயம். ஃபைலின் முகவரியை மட்டும் கொடுத்தால், அலை வரைய வேவ்சர்ஃபர் முழு ஃபைலையும் இறக்கி, பிரவுசருக்குள்ளேயே டீகோட் செய்கிறது, அதாவது சுருக்கிய ஒலியை விரித்து எண்களாக்குகிறது. மூன்று நிமிடப் பாட்டுக்கு இது பரவாயில்லை. மேலே சொன்ன கச்சேரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,000 வினாடி, 128 கிலோபிட் எம்பி3 என்றால் ஃபைல் 144 எம்பி. கேட்பவர் பிளே பட்டனை அழுத்துவதற்கு முன்பே அவர் டேட்டா பேக்கில் 144 எம்பி போய்விடும். டீகோட் ஆன பிறகு ஒவ்வொரு சாம்பிளும், அதாவது ஒலியின் ஒவ்வொரு அளவீடும், 4 பைட். நினைவகத்தை மிச்சப்படுத்த வேவ்சர்ஃபர் சாம்பிள் ரேட்டை வினாடிக்கு 8,000க்குக் குறைத்துத்தான் டீகோட் செய்கிறது. அப்படியும் இரண்டு சேனலுக்கு 9,000 × 8,000 × 2 × 4, அதாவது 576 எம்பி. குறைந்த விலைக் கைபேசியில் அந்தப் பக்கம் மூச்சுத் திணறும், அல்லது டேப் தானே மூடிக்கொள்ளும். பெரிய ஃபைலுக்கு அலையின் உயரங்களை முன்பே கணக்கிட்ட எண்களாகக் கொடுக்கும்படி இந்த நூலகத்தின் ஆவணமே சொல்கிறது. ஆனால் எடுத்துக்காட்டுகள் முகவரியை மட்டும் கொடுத்துத் தொடங்குவதால், பலர் அதைப் பார்க்காமலே தளத்தை வெளியிட்டுவிடுகிறார்கள்.

அந்த எண்களைத் தயாரிக்க பிபிசி வெளியிட்ட ஆடியோவேவ்ஃபார்ம் என்ற கமாண்ட் லைன் நிரல் இருக்கிறது. சி பிளஸ் பிளஸில் எழுதியது, வேகமானது. எம்பி3, வேவ், ஃபிளாக், ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகியவற்றைப் படிக்கும். எம்4ஏ படிக்காது, அதற்கும் வீடியோ ஃபைல்களுக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவ மாற்றி நிரலில் வேவாக மாற்றி பைப் வழியாக உள்ளே தள்ள வேண்டும். ஃபைல் ஏற்றப்பட்டவுடன் சர்வரில் ஒரே ஒருமுறை இதை ஓட்டிவைத்தால் போதும். வெளியீடு ஜேசன் (எழுத்து வடிவத் தரவு), 8 பிட், வினாடிக்கு 1 பிக்சல் என்று கொடுங்கள். கச்சேரிக்கு 9,000 ஜோடி எண்கள் வரும். ஒவ்வொரு ஜோடியும் அந்த வினாடியின் மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த அளவு.

இதை அப்படியே வேவ்சர்ஃபருக்குக் கொடுத்தாலும் அலை வரும். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. எண்கள் மைனஸ் 128 முதல் 127 வரை இருக்கும்; வேவ்சர்ஃபர் எதிர்பார்ப்பது மைனஸ் 1 முதல் 1 வரை. வரம்பைத் தாண்டிய எண்ணைக் கண்டால், இருப்பதிலேயே பெரிய எண்ணால் எல்லாவற்றையும் அதுவே வகுத்துவிடும். விளைவு, மெதுவாகப் பதிவான ஃபைலும் உரக்கப் பதிவான ஃபைலும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு ஃபைலுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள ஒலி வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் நீங்களே 128ஆல் வகுத்துக் கொடுங்கள்.

கச்சேரிப் பதிவில் வேறொரு தொல்லை. யாரோ மைக்கைத் தட்டியிருப்பார்கள். அந்த ஒரு வினாடி உச்சிக்குப் போய்விடும், மற்ற இரண்டரை மணி நேரமும் தரையோடு ஒட்டிய நூலாகிவிடும். இதற்குச் செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஜோடியிலும் குறியை நீக்கிப் பெரியதை மட்டும் எடுங்கள், 9,000 எண் கிடைக்கும். ஏறுவரிசையில் அடுக்கி 8,820ஆவது எண்ணைப் பாருங்கள். அதுதான் 98 சதவீத அளவு. எல்லா எண்ணையும் அதால் வகுத்து, 1ஐத் தாண்டுவதை 1இல் நிறுத்துங்கள். பிறகு வர்க்கமூலம் எடுங்கள். 0.09 இருந்த ஆலாபனை 0.3க்கு உயரும், 1 இருந்தது 1இலேயே நிற்கும். இந்த இரண்டு வரிக் கணக்கு அலையின் தோற்றத்தையே மாற்றிவிடும். நிறம் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரத்தை இங்கே செலவிடுங்கள். இரண்டு தசமத்தோடு சேமித்தால் 9,000 எண்ணும் சுமார் 45 கேபி. ஜூம் இல்லாத பிளேயருக்கு அதுவும் அதிகம். 800 பிக்சல் அகலத்தில் 266 பட்டைக்குத்தான் இடம் இருக்கிறது, ஆகவே 1,000 எண்ணே தாராளம். 5 கேபியில் முடிந்துவிடும்.

எண்களோடு 'டியூரேஷன்' என்ற ஆப்ஷனையும் வினாடிக் கணக்கில் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஃபைலின் நீளம் தெரியும்வரை வேவ்சர்ஃபர் காத்திருக்கும். ஆடியோ எலிமென்ட்டில் பிரிலோட் 'நன்' (முன்கூட்டி எதையும் இறக்காதே) என்று வைத்திருந்தால், பிளே அழுத்தும்வரை அந்தத் தகவல் வராது, அலையும் வராது, பிழைச் செய்தியும் வராது. எண் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் வெற்றிடம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் இடம் இது.

ஒலி வேறு டொமைனில் இருந்தால், பிளேயரில் பாட்டு கேட்டாலும் அலை வராமல் போகலாம். ஆடியோ எலிமென்ட்டுக்குக் கார்ஸ் அனுமதி (வேறு டொமைன் தன் ஃபைலைப் படிக்கத் தரும் ஒப்புதல்) வேண்டாம், டீகோட் செய்ய ஃபைலை இறக்குவதற்கு வேண்டும், அதுதான் காரணம். எண்களை முன்பே கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையும் கூடவே போய்விடுகிறது.

அலையைத் தொட்டால் பாட்டு தொடக்கத்துக்கே ஓடுகிறதா? வேவ்சர்ஃபரைக் குறை சொல்லாதீர்கள், சர்வரைப் பாருங்கள். ஃபைலின் நடுப்பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்கு 206 என்று பதில் வர வேண்டும். பிஹெச்பி ஸ்கிரிப்ட் வழியாக ஃபைலைக் கொட்டும் தளங்களில் பெரும்பாலும் முழு ஃபைலையும் அனுப்பும் 200தான் வரும். பைத்தானோடு வரும் சின்ன சர்வரும் ரேஞ்சைக் கண்டுகொள்ளாது. அதில் வைத்துச் சோதித்துவிட்டு நூலகம் சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

கைதட்டலைத் தொட்டால் அதற்குச் சற்று முன்போ பின்போ பாடுகிறது என்றால் எம்பி3 மாறும் பிட்ரேட்டில் இருக்கிறது என்று பொருள். அத்தகைய ஃபைலின் தலைப்பில் இருக்கும் சிங் அட்டவணையில் 100 இடக் குறிப்புகள்தான் உண்டு. இரண்டரை மணி நேரத்தை நூறாக வகுத்தால் ஒரு குறிப்புக்கு 90 வினாடி. நடுவில் பிரவுசர் உத்தேசமாகத்தான் குதிக்கும். அட்டவணையே இல்லாத ஃபைலில் மொத்த நீளமே தப்பாக வரும். எஃப்எஃப்எம்பெக்கில் லேம் என்ற எம்பி3 என்கோடர் கொண்டு நிலையான 128 கிலோபிட்டுக்கு மாற்றி, அந்தப் புது ஃபைலிலிருந்தே எண்களையும் எடுங்கள்.

பிளகின்களில் ஹோவர் நன்றாக இருக்கிறது: கர்சர் நிற்கும் இடத்தின் நேரத்தைக் காட்டும். டைம்லைன், மினிமேப், ஸ்பெக்ட்ரோகிராம், ரெக்கார்ட் ஆகியவையும் கிடைக்கின்றன. அதிகம் உதவுவது ரீஜன்ஸ். ஒவ்வொரு கீர்த்தனைக்கும் ஒரு பகுதியைக் குறித்துப் பெயர் எழுதி வைக்கலாம். ஆனால் 'டீகோட்' நிகழ்வு வந்த பிறகுதான் பகுதிகளைச் சேர்க்க வேண்டும். ஜூமும் அப்படியே, அலை வருவதற்கு முன்பு அழைத்தால் பிழை எறியும். எல்லாம் ஷேடோ டாம் என்ற தனி மறைப்புக்குள் இருப்பதால் வழக்கமான சிஎஸ்எஸ் உள்ளே எட்டாது, 'பார்ட்' என்ற செலக்டர் வழியாகத்தான் அழகுபடுத்த முடியும். ஆறாம் பதிப்பிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஃபில்டர்களை அமைக்கும் வசதி நீக்கப்பட்டுவிட்டது. ஈக்வலைசர் வேண்டுமென்றால் ஆடியோ எலிமென்ட்டை வெப் ஆடியோவோடு நீங்களே இணைக்க வேண்டும்.

பேச்சைக் கேட்டு எழுத்தாக்குபவர்களுக்கான கருவி கட்டுகிறீர்கள் என்றால் வேவ்சர்ஃபரைவிட பிபிசியின் பீக்ஸ் நூலகத்தைப் பரிந்துரைக்கிறேன். முழுப் பதிவின் காட்சி, பெரிதாக்கிய காட்சி என்று இரண்டும் சேர்ந்தே வரும். புள்ளி, பகுதி இரண்டையும் குறிக்கலாம். உரிமம் எல்ஜிபிஎல். கோன்வா, வேவ்ஃபார்ம்-டேட்டா என்ற இரண்டு நூலகங்களைக் கூடவே நிறுவ வேண்டும். எண்களைச் சுருக்கத்தான் அதற்குத் தெரியும், விரிக்கத் தெரியாது. ஒரு பிக்சலுக்கு 2,205 சாம்பிள் என்று தயாரித்துவிட்டு 512 அளவில் ஜூம் கேட்டால் மறுத்துவிடும். இந்த வேலைக்கு வினாடிக்கு 100 பிக்சலாவது எடுங்கள். 44,100 ரேட்டில் அது பிக்சலுக்கு 441 சாம்பிள். ஜேசன் இங்கே கனத்துப்போகும், டாட் என்ற பைனரி வடிவமே சரி: கச்சேரிக்கு 8 பிட்டில் 1.8 எம்பி.

பட்டியல் பக்கத்தில் இருபது பதிவுகளுக்கு இருபது அலை வேண்டுமென்றால் எந்த நூலகமும் வேண்டாம். ஆடியோவேவ்ஃபார்மே பிஎன்ஜி படமும் கொடுக்கும். இரண்டு நிறத்தில் இரண்டு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே இருப்பதை ஓடிய சதவீதத்துக்கு ஏற்ப சிஎஸ்எஸ்ஸில் வெட்டிக் காட்டினால் வேலை முடிந்தது. ரியாக்டில் வேவ்சர்ஃபரை உருவாக்கும்போது, எஃபெக்டின் கிளீனப்பில் டெஸ்ட்ராய் அழைக்க மறந்தால் டெவலப்மென்ட்டில் ஒரே இடத்தில் இரண்டு அலை நிற்கும். ரியாக்டின் ஸ்ட்ரிக்ட் மோட் அந்த எஃபெக்டை இருமுறை ஓட்டுவதால் வருவது அது.

நான் மனம் நொந்து சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. அலை வரைவது கேன்வாஸில். பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே எதுவுமே இல்லை. இசையைக் காதால் மட்டுமே அணுகும் ஒருவருக்கு நம் பிளேயரில் இடம் இல்லாமல் போவது சரியல்ல. அலைக்குக் கீழே ஒரு ரேஞ்ச் இன்புட்டை வையுங்கள்: குறைந்தது 0, அதிகபட்சம் 9,000, நகர்வு 5 வினாடி. ஸ்கிரீன் ரீடர் படிக்கும் ஏரியா வேல்யூடெக்ஸ்ட்டில் வெறும் 4,530 என்று விடாமல் '1 மணி 15 நிமிடம் 30 வினாடி' என்று எழுதுங்கள். ஓடிய பகுதிக்கும் ஓடாத பகுதிக்கும் நிற வேறுபாடு 3க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். வெயிலில் கைபேசி பார்ப்பவருக்கும் அது உதவும்.