ஸ்குவூஷ்: போட்டோவை வெளியே அனுப்பாமல் கேபி குறைக்க

ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது போட்டோ 200க்கு 230 பிக்சல் இருக்க வேண்டும், 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபியைத் தாண்டக் கூடாது. கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. போனில் எடுத்த படமோ 3, 4 எம்பி இருக்கும். கூகுளில் தேடி முதலில் வரும் ஏதாவது ஒரு தளத்தில் படத்தை ஏற்றிக் குறைத்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. அந்தத் தளம் யாருடையது, நம் முகமும் கையெழுத்தும் எந்த சர்வரில் போய் உட்காருகின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. முகம், கையெழுத்து, கைரேகை மூன்றையும் ஒரே மூச்சில் முகம் தெரியாத ஒருவரிடம் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் இங்கே ஸ்குவூஷ் டாட் ஆப். கூகுளின் குரோம் குழு 2018 நவம்பரில் வெளியிட்ட இலவசக் கருவி இது. லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது, படத்தின் மேல் வாட்டர்மார்க் விழாது. எல்லா வேலையும் பிரவுசருக்குள்ளேயே நடப்பதால் படம் போனையோ கம்ப்யூட்டரையோ விட்டு வெளியே போவதில்லை. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தளத்தைத் திறந்து ஏதாவது ஒரு சாதாரணப் படத்தை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, ஏரோபிளேன் மோடு போட்டு, அதன்பிறகு உங்கள் படத்தைத் தேர்ந்தெடுங்கள். ரீசைஸ், கம்ப்ரஸ், டவுன்லோடு எல்லாம் நெட் இல்லாமலே நடக்கும். வேறு எந்தத் தளத்தையும் இதே முறையில் சோதிக்கலாம். நெட் அறுந்ததும் சுற்றிக்கொண்டே நின்றால் படம் வெளியே போகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: எத்தனை கேபி எத்தனையாகக் குறைந்தது போன்ற பயன்பாட்டு விவரங்களை கூகுள் அனலிடிக்ஸ் மூலம் எடுக்கிறார்கள். படத்தை எடுப்பதில்லை.

படத்தைப் போட்டதும் திரை நடுவில் ஒரு கோடு விழும். கம்ப்யூட்டரில் இடது பக்கம் மூலப்படம், வலது பக்கம் சுருக்கிய படம். வலது பக்கத்தில் ஆரம்பத்திலேயே மோஸ்ஜேபெக் (படத்தை ஜேபெக், அதாவது ஜேபிஜி கோப்பாகச் சுருக்கும் முறை), தரம் 75 என்று இருக்கும். கோட்டை இழுத்து இழுத்து இரண்டையும் ஒப்பிடலாம், கீழே கேபி உடனுக்குடன் மாறும். இந்தக் கோடு பல கருவிகளில் கிடைக்காத வசதி. கோட்டைப் புருவத்தின் மேல் நிறுத்தி 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். தரத்தை 75இலிருந்து 40க்கு இறக்கும்போது முதலில் கெடுவது கண்ணோ மூக்கோ இல்லை. காதோரத்து முடிதான் மெழுகுபோல அப்பிக்கொள்ளும், பின்னால் உள்ள வெள்ளைச் சுவரில் கட்டம் கட்டமாகத் தெரியும். எதுவரை இறக்கலாம் என்று யாரையும் கேட்க வேண்டாம், கண்ணே சொல்லிவிடும்.

அளவு மாற்ற, வலது பேனலில் ரீசைஸ் பொத்தானைத் தட்ட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ (அகல உயர விகிதத்தை மாறாமல் வைப்பது) டிக் ஆகியிருக்கும்போது அகலத்தில் 200 போட்டால் உயரம் தானாக வேறு எண்ணுக்குப் போகும். டிக்கை எடுத்துவிட்டு 200, 230 என்று போட்டால் முகம் அகன்றுவிடும். 3000க்கு 4000 போன் படத்தை அப்படி நசுக்கினால் முகம் சுமார் 16 சதவீதம் அகலமாகும், பார்த்த உடனே தெரியும். டிக்கை எடுத்ததும் கீழே ஃபிட் மெத்தட் என்று ஒன்று வரும், அதில் ஸ்ட்ரெச் என்பதை கன்டெய்ன் என்று மாற்ற வேண்டும். பெயரைக் கேட்டால் ஓரத்தில் வெள்ளை இடம் விட்டு முழுப் படத்தையும் அடக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது நடுப்பகுதியை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டுகிறது. அதே 3000க்கு 4000 படத்தில் மேலே 275, கீழே 275 பிக்சல் போகும். தலைக்கு மேல் இடம் விட்டு எடுத்த படம் என்றால் கவலை இல்லை. உச்சந்தலை ஓரத்தைத் தொட்டிருந்தால் வெட்டுப்படும்.

நமக்கு வேண்டிய இடத்தைப் பார்த்து வெட்டும் கிராப் வசதி ஸ்குவூஷில் இல்லை. இதன் பெரிய குறை இதுதான். அதற்கு போன் கேலரியின் எடிட்டே போதும். கம்ப்யூட்டரில் என்றால் ஃபோட்டோபீ டாட் காம் இருக்கிறது. இவான் குட்ஸ்கிர் உருவாக்கிய, ஃபோட்டோஷாப் போலவே இருக்கும் இலவசத் தளம், அதுவும் பிரவுசருக்குள்ளேயே ஓடுவது. சி விசையைத் தட்டினால் கிராப் வரும், ஃபிக்ஸ்டு ரேஷியோவில் 20க்கு 23 கொடுத்தால் ஐபிபிஎஸ் விகிதம் கச்சிதமாகக் கிடைக்கும். வெட்டியதை ஜேபெக்கில் சேமிக்காமல், தரம் தேயாத பிஎன்ஜி வடிவத்தில் எடுத்து ஸ்குவூஷுக்குக் கொண்டுவாருங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தரம் கொஞ்சம் தேயும், அந்தத் தேய்மானத்தைக் கடைசியில் ஒருமுறை மட்டும் பட்டால் போதும். வெட்டு, பிறகு அளவு, பிறகு கேபி என்பதுதான் சரியான வரிசை. ஃபோட்டோபீயில் விளம்பரம் உண்டு, போன் திரையில் மெனுக்கள் மிகப் பொடியாக இருக்கும்.

அடுத்த சிக்கல் நேர்மாறானது. 200க்கு 230 பிக்சலில் தரம் 75 வைத்தால் படம் பெரும்பாலும் 10 கேபி பக்கத்தில்தான் நிற்கும், விண்ணப்பத் தளமோ 20 கேபி கேட்கும். குறைக்க வந்த இடத்தில் கூட்ட வேண்டியிருக்கிறது. தரத்தை 90, 95 என்று ஏற்றிக்கொண்டே போய் 25 முதல் 45 கேபிக்குள் நிறுத்துங்கள். எல்லைக்கு ஒட்டி 49.8இல் நிறுத்துவது வேண்டாம். ஒரு கேபிக்கு 1000 பைட் என்று கணக்கிடும் தளமும் உண்டு, 1024 என்று கணக்கிடும் தளமும் உண்டு.

கையெழுத்துக்கு இன்னும் கஷ்டம். 140க்கு 60 என்றால் மொத்தமே 8,400 பிக்சல். அதில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. தரம் 100 வைத்தாலும் 10 கேபியைத் தொடுவது அரிது. அறிவிப்பில் அந்தப் பிக்சல் அளவு விரும்பத்தக்கது என்று மட்டும்தான் இருக்கும், கேபி எல்லைதான் கண்டிப்பு. ஆகவே விகிதம் மாறாமல் 280க்கு 120 ஆக்கித் தரத்தை உயர்த்துங்கள். கையெழுத்தைச் சுருக்கும்போது ரீசைஸ் மெத்தடையும் (அளவு மாற்றும் கணக்கு முறை) மாற்ற வேண்டும். தானாக வரும் லான்சோஸ்3 முகத்துக்கு நல்லது, கூர்மையாக வரும். ஆனால் வெள்ளைத் தாளில் கருப்பு மை என்று வரும்போது கோட்டை ஒட்டி மங்கலான நிழல் வளையம் விடும். மிட்செல் வைத்தால் அது பெரிதும் அடங்கிவிடும். இடது பெருவிரல் ரேகை 240க்கு 240, கையால் எழுதும் உறுதிமொழி 800க்கு 400 என்று கேட்பார்கள். அவற்றில் இந்தத் தகராறு அதிகம் இல்லை. பக்கத்தில் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 240 பிக்சல் தாளில் சுமார் 3 சென்டிமீட்டர் ஆகும் என்பதற்கான குறிப்பு. ஸ்குவூஷில் டிபிஐ போட இடம் இல்லை. அந்த எண் கோப்பிலேயே இருக்க வேண்டும் என்று எங்காவது கேட்டால் ஃபோட்டோபீயின் இமேஜ் சைஸில் போடலாம்.

அளவு, கேபி எல்லாம் சரியாக இருந்தும் தளம் படத்தை ஏற்கவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். முதலாவது வடிவம்: வலது பக்கத்தில் வெப்பி அல்லது ஏவிஃப் என்ற புதிய பட வடிவம் தேர்வாகியிருந்தால் விண்ணப்பத் தளங்கள் பெரும்பாலும் ஏற்காது, கோப்பின் பெயரில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினாலும் உள்ளே இருப்பது மாறாது. இரண்டாவது: மோஸ்ஜேபெக் இயல்பாகவே புரோகிரசிவ் வகையில் (முதலில் மங்கலாகத் தெரிந்து படிப்படியாகத் தெளிவது) சேமிக்கும், சில பழைய தளங்களுக்கு அது புரியாது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்து புரோகிரசிவ் ரெண்டரிங் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். மூன்றாவது: தவறான பொத்தான். வலது மூலையில் உள்ள நீலப் பொத்தான்தான் புதிய படம். இடது பக்கத்து ரோஸ் பொத்தானைத் தட்டினால் பழைய 4 எம்பி படமே திரும்ப இறங்கும்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு குறிப்பு. ஐபோன் வழக்கமாக எடுக்கும் ஹெயிக் வடிவப் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி குரோமில் திறந்தால் ஸ்குவூஷ் படிக்காது. கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று வைத்துவிட்டு எடுங்கள். ஸ்டுடியோவில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண போட்டோவாக வந்தால் ஏற்கெனவே ஒரு சுற்று நசுங்கியிருக்கும், எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. ஸ்குவூஷ் புதிதாக எழுதும் கோப்பில் படம் எடுத்த இடம், நேரம், போன் மாடல் போன்ற ஒட்டுத் தகவல்கள் இருக்காது. பொதுவில் போடும் படங்களுக்கு இது பெரிய நன்மை.

அமெரிக்க விசா போட்டோவுக்கும் இதே கருவி போதும்: சதுரம், 600க்கு 600 முதல் 1200க்கு 1200 வரை, 240 கேபிக்குள், ஜேபெக். 600இல் தரம் 85 வைத்தால் வழக்கமாக எல்லைக்கு வெகு கீழேயே நிற்கும்.

நூறு படத்தை ஒரே நேரத்தில் சுருக்க வேண்டியவர்களுக்கு ஸ்குவூஷ் ஒத்துவராது. ஒரு நேரத்தில் ஒரு படம்தான் எடுக்கும். விண்டோஸில் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளின் பேட்ச் வசதி அந்த வேலைக்குப் பொருத்தம். பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் ஸ்குவூஷை ஆப் போல இன்ஸ்டால் செய்து வைக்கலாம். நெட் போன நேரத்திலும் வாடிக்கையாளர் படத்தைத் தயார் செய்து கொடுக்க முடியும். வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் போட்டோ, கையெழுத்து, ரேகை மூன்றையும் அழித்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.