ஒரு காதில் கதை, ஒரு காதில் ஹாரன்: ஜார்ஜ் டவுனில் ஆடியோ வாக்கோடு 16 மாதங்கள்

சென்னை ஜார்ஜ் டவுனின் பாரிமுனைக்கு நான் போகாத வருஷமே கிடையாது. பள்ளிக்கூட நோட்டு, அக்காவின் கல்யாணப் பத்திரிகை என்றால் ஆண்டர்சன் தெரு, துணி என்றால் கோடவுன் தெரு. வாங்கினோமா, பேரம் பேசினோமா, பையைத் தூக்கிக்கொண்டு பெரம்பூர் பஸ்ஸில் ஏறினோமா என்றுதான் நாற்பது வருஷம் ஓடியது. கடை ஷட்டருக்கு மேலே அங்கே ஒரு கட்டடம் இருக்கிறது என்று தலை தூக்கிப் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க வைத்தது போனில் இருக்கும் ஒரு ஆடியோ வாக். கைடு கிடையாது, கூட்டம் கிடையாது. காதில் குரல் சொல்லும், நாம் நம் பாட்டுக்கு நடக்கலாம். எந்த ஆப் என்று கேட்காதீர்கள். குறைகள் நிறையச் சொல்லப்போகிறேன், பெயரை இழுக்க வேண்டாம்.

ஒரே தடவை 349 ரூபாய் கட்டினேன். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் தொடங்கி தங்கசாலையில் முடியும் பாதை, சுமார் 3 கிலோமீட்டர், 14 இடங்கள், மொத்தம் 80 நிமிடக் குரல். இந்த 16 மாதங்களில் முழுப் பாதையை நான்கு முறை நடந்திருக்கிறேன். துண்டு துண்டாக நடந்தது ஏழு முறை.

முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதைவிட மோசமான நேரம் ஜார்ஜ் டவுனுக்கு இருக்க முடியாது. இரண்டு காதிலும் இயர்போன் வேறு. குரல் என்னவோ 17ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. பின்னால் ஒரு மீன்பாடி வண்டிக்காரர் "ஓரம், ஓரம்" என்று கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. வண்டியின் கம்பி முழங்கையை உரசிக்கொண்டு போன பிறகுதான் நிகழ்காலத்துக்கு வந்தேன். அன்றிலிருந்து ஒரு காதுதான். சாலையின் இடது ஓரமாக நடந்து, இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் வலது காது வண்டிகளுக்குக் காவல் இருக்கும். இதை ஆப்பே முதல் நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த தொல்லை ஜிபிஎஸ். ஓர் இடத்தை நெருங்கினால் குரல் தானாகத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் இந்தத் தெருக்கள் குறுகல், இரண்டு பக்கமும் மூன்று நான்கு மாடி. செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், நாம் பக்கத்துத் தெருவில் நிற்பதாக போன் நினைத்துக்கொள்கிறது. நான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சி வாசலில் நிற்கிறேன், குரல் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது. பார்த்தேன். ஏசி மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டியது. தானாக ஓடும் வசதியை செட்டிங்ஸில் அணைத்துவிட்டு, நாமே ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பதுதான் இதற்கு வழி. பேட்டரியும் அதனால் பிழைக்கும். எல்லாவற்றையும் வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துகொண்டு கிளம்புங்கள்.

சரி, இவ்வளவு தொல்லைக்கும் ஏன் திரும்பத் திரும்பப் போனேன்? முக்கியமான காரணம் இரண்டாவது இடம். பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு கல் ஸ்தம்பம் இருக்கிறது. அதன் பக்கத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், அது என்ன என்று தோன்றியதே இல்லை. குரல் அங்கே நிற்க வைத்து, கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நீதிமன்றப் பக்கம் திரும்பச் சொல்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே அமைந்த முதல் ஊர், அதாவது பழைய கறுப்பர் பட்டணம், இருந்தது இப்போது நீதிமன்றம் நிற்கும் இடத்தில். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749இல்தான் திரும்பக் கிடைத்தது. 1758இல் மறுபடியும் முற்றுகை. இந்தப் போர்க் காலத்தில்தான், கோட்டைக்கு அருகில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்துகொள்ள வசதி, பீரங்கிக்கு இடைஞ்சல் என்று ஆங்கிலேயர்கள் அந்த ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட எல்லைக் கற்களில் மிஞ்சியதுதான் இந்த ஸ்தம்பம். இடித்ததில் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது, 1757இல். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று அதை இன்றைய தேவராஜ முதலி தெருப் பக்கம் மறுபடி எழுப்பினார், சென்னமல்லீஸ்வரர் கோயிலோடு சேர்த்து. ஊர் வாயில் அது பட்டணம் கோயில். ஆக, நாம் பழைய டவுன் என்று சொல்லும் ஜார்ஜ் டவுன் உண்மையில் இடம் மாறிய டவுன். அந்தப் பெயர்கூட 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டலை ஒட்டி வந்ததுதான். இதை வீட்டு சோபாவில் உட்கார்ந்து படித்தால் ஒரு தகவல். ஸ்தம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, எதிரே கறுப்புக் கோட்டுகள் சாலையைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்றாவது தடவை சித்தப்பாவை அழைத்துப் போனேன். லிங்கிச் செட்டித் தெருவில் 31 வருஷம் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த விமர்சனத்தின் பாதி அவருடையது.

நீதிமன்றத்தின் முன்னால் குரல் எம்டன் கதையைச் சொன்னது. 1892இல் திறந்த கட்டடம். அதன் குவிமாடக் கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தருகே எண்ணெய் டாங்கிகள் மேல் குண்டு போட்டது. நீதிமன்றச் சுற்றுச்சுவரிலும் ஒன்று விழுந்தது, அங்கே கல்வெட்டுப் பலகை இருக்கிறது. எல்லாம் சரியாகவே சொன்னது. சித்தப்பா இயர்போனைக் கழற்றிவிட்டு, "அவ்ளோதானா? எங்க மேனேஜருக்கே எம்டன்னுதாம்மா பேரு. அதைச் சொல்லலையே?" என்றார். நியாயம்தானே. ஒரே ஒரு ராத்திரி வந்துபோன கப்பல், பயமுறுத்தும் கில்லாடி ஆளைக் குறிக்கும் வார்த்தையாகத் தமிழில் தங்கிவிட்டது. குரலுக்கு அது தெரியவில்லை.

ஆர்மேனியன் தெருவில் சண்டை முற்றிவிட்டது.

"அரண்மனைக்காரன் தெருன்னு சொல்லச் சொல்லும்மா."

"எந்த அரண்மனை சித்தப்பா?"

"யாருக்குத் தெரியும். என் சர்வீஸ்ல ஒரு அரண்மனையும் நான் பார்த்ததில்ல."

ஆர்மேனியக்காரன் என்பது மக்கள் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. ஆப்பில் இது இல்லவே இல்லை. நம் ஊர்க்காரருக்குக் கேட்டதும் ஒட்டிக்கொள்ளும் விஷயம் இதுதான், இதையே விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பது வேறு இடங்களிலும் பல்லிளிக்கிறது. "இந்த வசீகரமான வளாகம் உங்களை வரவேற்கிறது" என்று எந்தத் தமிழன் தெருவில் நின்று பேசுவான்? பிறகு ஆங்கில வடிவத்தையும் கேட்டுப் பார்த்தேன். அதே ஆள்தான், ஆனால் அதில் மூச்சு விட்டுப் பேசுகிறார்.

ஆனாலும் ஆர்மேனிய தேவாலயத்துக்குள் அழைத்துப் போனதற்கு அந்தக் குரலுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். 31 வருஷம் எதிரே நடந்திருக்கிறார் சித்தப்பா, உள்ளே போனதில்லை. கேட் எப்போதும் பூட்டியிருக்கும் என்ற நினைப்பு. காலையில் திறந்துதான் இருக்கும், மதியத்துக்குள் போய்விடுங்கள். இப்போதைய கட்டடம் 1772ஐச் சேர்ந்தது. தரையெங்கும் கல்லறைப் பலகைகள், தனியாக ஒரு மணிக்கூண்டு, அதில் ஆறு மணிகள். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான அஸ்தராரை 1794இல் இதே சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் இங்கே இருக்கிறது. வழிபாட்டுக்கு ஆர்மேனியர் யாரும் இல்லாத ஊரில் தேவாலயம் மட்டும் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக நிற்கிறது. குரல் இங்கே நான்கு நிமிடம் பேசிவிட்டு, "சற்று நேரம் அமர்ந்திருங்கள்" என்று சொல்லி நின்றுவிடுகிறது. மொத்த 80 நிமிடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மௌனம்தான். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க அரை மணி நேரம் ஆனது.

காளிகாம்பாள் கோயில் பகுதி நன்றாக இருக்கிறது. 1677இல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதைக் கோயிலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பவழக்காரத் தெருவுக்கு ஒன்றரை நிமிடம்தான். பவழம் கொண்டுவந்து வைரம் வாங்கிப் போன யூத வணிகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

பிராட்வேயைத் தாண்டி சௌகார்பேட்டைக்குள் நுழைந்ததும் குரலுக்குப் பசி வந்துவிடுகிறது. ஜிலேபி, கச்சோரி, முறுக்கு சாண்ட்விச் என்று நிறுத்தாமல் பேசுகிறது. சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வள்ளலார் வாழ்ந்த ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவுக்கு ஒரு வாக்கியம், அவர் பாடிய கந்தகோட்டத்துக்கு இரண்டு வாக்கியம், ஜிலேபிக்கு நான்கு நிமிடமா? 18ஆம் நூற்றாண்டில் கோட்டைக்கே தண்ணீர் கொடுத்த கிணறுகள் அந்த ஏழுகிணறு. வால்டாக்ஸ் சாலையை, அதாவது 'வால் டாக்ஸ்' என்ற மதில் வரிச் சாலையை, பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. ஹைதர் அலியின் குதிரைப்படைக்குப் பயந்து ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள், அதன் செலவுக்கு மக்களிடம் வரி போட நினைத்தார்கள், கடைசிவரை வசூலிக்க முடியவில்லை. வராத வரிக்கு ஒரு சாலையின் பெயர்! அந்த மதிலின் மிச்சம் பழைய சிறைச்சாலைப் பக்கம் மாடிப் பூங்காவாக இருக்கிறது. நாங்களே தேடிக்கொண்டு போய்ப் பார்த்தோம்.

16 மாதத்தில் ஆப்புக்கு ஒரே ஒரு அப்டேட்தான் வந்தது. ஆறாவது இடத்தில் "பச்சை ஷட்டர் கடையில் வலது பக்கம் திரும்பவும்" என்று வரும். அந்த ஷட்டரை நீல வண்ணம் அடித்து எட்டு மாதம் ஆகிறது. மெயில் போட்டேன், மூன்று வாரம் கழித்து நன்றி என்று பதில் வந்தது. குரல் இன்னும் பச்சை என்றுதான் சொல்கிறது.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நடந்துகொண்டிருக்கும்வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நின்று மேலே பார்த்தால் உடனே "என்னம்மா, அட்ரஸ் தேடுறீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு இது தொல்லையாக இருந்ததில்லை. கட்டடம் பார்க்க வந்தேன் என்று சொன்னதும் ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைக்காரர் ஒருவர் மாடிப்படி மரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார், பர்மா தேக்கு என்று. கழிப்பறைக்கு உயர் நீதிமன்ற மெட்ரோ, மண்ணடி மெட்ரோ இரண்டையும் நம்பலாம். கட்டடங்களைப் பார்க்க ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். தேவாலயத்துக்கு ஒன்பதரைக்குள் போய்ச் சேர்ந்தால் மணியும் கேட்கலாம். மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வாரநாள்தான், ஆனால் கதையை முந்தின நாள் இரவே வீட்டில் கேட்டு முடித்துவிட்டு, இயர்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

349 ரூபாய்க்கு ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். முதல் எட்டு இடங்களுக்கு மட்டும் என்றால் நாலரை.

போன மாதம் அதே ஆப்பில் மயிலாப்பூர் பாதை வந்திருக்கிறது. இலவச மாதிரியைக் கேட்டேன், அதே குரல், அதே "உங்களை வரவேற்கிறது". இன்னும் வாங்கவில்லை. சித்தப்பாவுக்கு மயிலாப்பூர் தெரியாது.