கோத்தகிரியிலிருந்து சென்னைக்கு 45 ஜிபி: எந்த வழி தாங்கும்?

100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) தரத்தில் ஒரு மணி நேரம் 4கே வீடியோ எடுத்தால் 45 ஜிபி வரும். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) எடுத்த கல்யாண வீடியோ, சென்னையில் எடிட்டிங் செய்யும் நண்பருக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்கு வழி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி வரை இலவசம்?" என்பதைத்தான். மலையில் அது இரண்டாவது கேள்வி. பாதியில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, இல்லை மறுபடி முதலிலிருந்தா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. ஸ்பீடு டெஸ்ட்டில் டவுன்லோடு எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, அனுப்புகிறவருக்கு அப்லோடு எண்தான் சோறு போடும். 45 ஜிபிக்கு அப்லோடு 2 எம்பிபிஎஸ் என்றால் 50 மணி நேரம், 5 என்றால் 20 மணி நேரம், 50 என்றால் 2 மணி நேரம். மொபைல் நெட்டில் அப்லோடு எப்போதும் இளைத்தே இருக்கும். டவர் உரக்கப் பேசும், போனோ ஏறக்குறைய 0.2 வாட்டில் முணுமுணுக்கும். சரிவுக்கு அந்தப்புறம் டவர் இருந்தால் முதலில் அடிபடுவது இந்த முணுமுணுப்புதான். சிக்னல் இரண்டு கோடு காட்டும், வீடியோ ஓடும், அப்லோடு மட்டும் நகராது. தினம் 1.5 ஜிபி ரீசார்ஜில் 45 ஜிபி அனுப்ப 30 நாள் ஆகும். அளவு தீர்ந்த பிறகு வரும் 64 கேபிபிஎஸ்ஸில் ஒரு ஜிபிக்கே 35 மணி நேரம். ஆகவே ஃபைபர் இணைப்பு உள்ள வீடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும். வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால்தான் அசல் தரம் போகும். ஆண்ட்ராய்டு போனில் அனுப்பியதன் நகல் ஒன்று போனிலேயே தங்கி இடத்தை அடைக்கும். இரண்டு நிமிட கிளிப்புக்குச் சரி, 45 ஜிபிக்கு வேண்டாம்.

டெலிகிராமிலும் இலவசக் கணக்குக்கு ஒரு ஃபைல் 2 ஜிபிதான், ஆனால் மொத்த அளவுக்கு வரம்பு இல்லை. ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் மென்பொருளில் துண்டு போட்டு அனுப்பலாம். துண்டு அளவுக்கான பெட்டியில் 1900 என்று அடித்து, ஒட்டினாற்போல் ஆங்கில எம் எழுத்தைப் போட்டால் 23 துண்டு வரும். கம்ப்ரெஷன் இடத்தில் "ஸ்டோர்" என்று வையுங்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மறுபடி சுருக்கினால் லேப்டாப் சூடாவதுதான் மிச்சம். நடுவில் நெட் போய் வந்தால் அப்லோடு தொடரும். செயலி மூடிக்கொண்டால் அப்போது போய்க்கொண்டிருந்த துண்டு மட்டும் முதலிலிருந்து, போய்ச் சேர்ந்த துண்டுகளுக்குப் பாதகமில்லை. இந்தத் துண்டு உத்தி எந்தச் சேவைக்கும் பொருந்தும். தொடரத் தெரியாத சேவையையும் துண்டுக் கணக்கில் தொடர வைத்துவிடும். 23-இல் ஒன்று குறைந்தாலும் எதுவும் திறக்காது என்பதை நண்பரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கூகுள் டிரைவின் 15 ஜிபி ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். பல தவணையாக அனுப்பலாமே என்று அழித்து அழித்து ஏற்றுகிறவர்கள் சிக்குவது குப்பைத்தொட்டியில். அழித்தது 30 நாள் அங்கேயே கிடந்து இடத்தைக் கணக்கில் வைத்திருக்கும், கையால் காலி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்கு மட்டும் 100 ஜிபி திட்டம் வாங்குவது இந்தத் தலைவலியைவிட மலிவு. நண்பர் ஃபோல்டரை மொத்தமாக டவுன்லோடு செய்தால் டிரைவ் அதைத் தன் இஷ்டத்துக்கு ஜிப் துண்டுகளாக்கித் தரும். ஃபைல் ஃபைலாக இறக்கச் சொல்லுங்கள். அவருடைய கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும் நீங்கள் ஏற்றலாம் என்பதே டிரைவின் பெரிய பலம்.

சிங்திங் என்ற மென்பொருள் இதற்கு நேர் எதிர். நடுவில் கிடங்கு கிடையாது, உங்கள் லேப்டாப்பிலிருந்து அவருடைய கம்ப்யூட்டருக்கு நேராகப் போகும். அளவு வரம்பும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும், லேப்டாப்பின் ஸ்லீப்பை அணைத்துவையுங்கள். இரண்டு பக்கமும் நிறுவி, 56 எழுத்து டிவைஸ் ஐடியைப் பரிமாறிக்கொண்டு, உங்கள் பக்கம் ஃபோல்டரை "அனுப்ப மட்டும்", அவர் பக்கம் "பெற மட்டும்" என்று வைத்தால் போதும். ஃபைலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தே எழுதும் என்பதால், ஐப்பசி மழையில் மரம் விழுந்து நான்கு முறை கரண்ட் போனாலும் வந்த கட்டங்கள் வந்தவைதான். மலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும் ஒரே வழி இது.

இதிலும் குழி இரண்டு உண்டு. முதலாவது, பல இணைப்புகளில் உங்களுக்கெனத் தனி பொது முகவரி (வெளியிலிருந்து நேராக வந்து சேர உதவும் இணைய முகவரி) இருக்காது, நூற்றுக்கணக்கான வீடுகள் ஒன்றைப் பங்கு போடும். இரண்டு பக்கமும் அப்படி இருந்தால் நேர்வழி கிடைக்காமல் "ரிலே" வழியாக, அதாவது நடுவில் கைமாற்றிவிடும் வேறொரு கம்ப்யூட்டர் வழியாகப் போகும். தகவல் பூட்டியபடியேதான் போகும், வேகம்தான் நத்தை. ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை இரண்டு பக்கமும் இயங்கினால் பெரும்பாலும் நேர்வழி திறக்கும். இரண்டாவது குழி இதைவிட மோசம். போய்ச் சேர்ந்துவிட்டது என்று உங்கள் ஃபோல்டரில் அழித்தால் நண்பர் பக்கமும் அழியும். அவர் வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்த பிறகே இங்கே கை வைக்கலாம்.

எந்த வழியானாலும் ஃபைபர் மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் போடுங்கள். பெரும்பாலான மோடம்கள் 12 வோல்ட், வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட மின்வெட்டுகள் உங்களைத் தொடாது. கேபிள் அறுந்தால் மட்டும் யுபிஎஸ் என்ன செய்யும்?

அப்லோடு 5 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே என்றால், கூச்சப்படாமல் தபால் நிலையத்துக்குப் போங்கள். 64 ஜிபி பென்டிரைவ், ஸ்பீடு போஸ்ட். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது. கடவுச்சொல் போட்ட செவன்-ஜிப்பாக வைத்து, கடவுச்சொல்லைப் போனில் சொல்லுங்கள். ஈரம் புகாத உறை அவசியம். மண்சரிவில் மேட்டுப்பாளையம் சாலை மூடினால் தபாலும் நிற்கும், அந்த வாரம் சிங்திங்தான் கதி. நண்பர் வெளிநாட்டில் என்றால் சுங்கச் சோதனை வேறு, தபாலை மறந்துவிடலாம். கோயம்புத்தூர் போகிற சொந்தக்காரர் யாராவது பென்டிரைவை எடுத்துப்போய், அங்கே நல்ல ஃபைபரில் ஏற்றித் தருவதும் உண்டு. அதை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்வதில்லை, ஆனால் மாலைக்குள் வேலை முடிந்துவிடும்.

சிங்திங் தானே சரிபார்த்துக்கொள்ளும். மற்ற வழிகளில், செவன்-ஜிப்பின் ரைட் கிளிக் பட்டியலில் உள்ள எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும்வரை கேமரா கார்டை அழிக்க வேண்டாம்.