சேஞ்ச்ஓவர் என்று பில் போட்டுவிட்டு இரண்டு எம்சிபி மாட்டிப் போனார்

கரண்ட் போன ஒரு ராத்திரி. ஜெனரேட்டரைப் போட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சோடு கேட்டில் வந்து நின்றார். "சார், கரண்ட் வந்துடுச்சுன்னு நெனச்சேன். பல்பு மங்கலா எரியுது, ஃபேன் ஆடி அசைஞ்சு சுத்துது. உங்க ஜெனரேட்டர்ல இருந்தா வருது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஜெனரேட்டர் பாரம் தாங்காமல் முக்கிக்கொண்டிருந்த சத்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

நடந்தது இதுதான். வீட்டை மெயின் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற ஸ்விட்ச்தான் சேஞ்ச்ஓவர். இருட்டில், அவசரத்தில், அந்தப் பெட்டியில் ஜெனரேட்டர் பக்கத்தை மேலே தள்ளிவிட்டேன். மெயின் பக்கத்தைக் கீழே இறக்க மறந்துவிட்டேன். ஜெனரேட்டர் கரண்ட் மெயின் வழியாக வெளியே லைனுக்கும் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பைச் செய்யவே முடியாதபடி தடுக்கத்தானே சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச்? அதற்குத்தானே காசு கொடுத்தேன்?

மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. உள்ளே சேஞ்ச்ஓவர் என்று எதுவுமே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாதா எம்சிபி, அதாவது ஓவர்லோடானால் தானாக விழுகிற ட்ரிப் ஸ்விட்ச். ஒன்று மெயின், ஒன்று ஜெனரேட்டர். ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை ஏற்ற விடாத இன்டர்லாக் கிடையாது. மேல் மூடியில் மட்டும் 'சேஞ்ச்ஓவர்' என்று அழகாக ஒரு ஸ்டிக்கர். பில்லிலும் அதே பெயரில் தனி வரி. பிரித்தது பேஸ் வயரை மட்டும். நியூட்ரல் லைனோடு சேர்ந்தே கிடந்தது. ஜெனரேட்டர் பாடிக்கு எர்த்தும் இல்லை.

கம்பத்தில் ஜம்பர் (லைனை இணைக்கிற சின்ன ஒயர்) அறுந்து எங்கள் இரண்டு வீடு மட்டும் தனியாகத் தொங்கியதால்தான் இது வெளியே தெரிந்தது. தெரு முழுக்க லைனில் சேர்ந்திருந்தால் ஜெனரேட்டர் ஓவர்லோடில் ட்ரிப் ஆகியிருக்கும், நானும் 'என்னமோ கோளாறு' என்று மறுபடி ஸ்டார்ட் செய்திருப்பேன். அந்த ஒரு நொடிக்கும் வீட்டு கரண்ட் லைனில் ஏறித்தான் இருக்கும். டிரான்ஸ்பார்மருக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். மேலிருந்து வருவதை 230 வோல்ட்டாக இறக்குகிற அதே பெட்டி, கீழிருந்து போகிற 230-ஐப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் கை வைத்திருந்தால்? எங்கள் அதிர்ஷ்டம், லைன்மேன் விடிந்துதான் வந்தார். இரண்டும் ஏறியிருக்கும்போது மெயின் கரண்ட் திரும்பி வந்திருந்தால் ஜெனரேட்டரும் தப்பியிருக்காது.

மாட்டியவருக்கு போன் போட்டேன். "மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போடணும்னு சொன்னேனே சார்" என்றார். பில்லைப் படித்துக் காட்டினேன். "எல்லா வீட்லயும் இப்படித்தான் போடறேன், ஒண்ணும் ஆகலை" என்றார். முதலில் அவர் சொன்ன யோசனை இதைவிட மோசம்: இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர், ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவர் சாக்கெட்டில். அதில் ஒரு முனை தானாகக் கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னிலேயே கரண்ட் இருக்கும். அதை வேண்டாம் என்றதால்தான் இந்தப் பெட்டி.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டுமென்றால்: ஜெனரேட்டரை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, பெட்டிக்கு முன்னால் உள்ள மெயினையும் அணைத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஆனில் வைக்க முடிகிறதா என்று தள்ளிப் பாருங்கள். முடிந்தால் அது சேஞ்ச்ஓவர் இல்லை, ஸ்டிக்கர். நிஜமானதில் நடுவில் ஒரு ஆஃப் இருக்கும். ஒரு பக்கம் முழுசாக விட்ட பிறகுதான் மறுபக்கம் பிடிக்கும். இப்போது டபுள் போல் ஒன்று மாட்டியிருக்கிறோம், பேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாறுகிறது.

புதியவர் போகும்போது இன்னொன்றும் காட்டினார். ஜெனரேட்டரை வைத்திருந்த இடம் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஜன்னல், கதவுகளிலிருந்து 20 அடிக்காவது தள்ளிப் போட வேண்டும் என்றார். அன்றைக்கே தூக்கி வைத்தோம். ஜன்னலுக்குக் கீழே வைக்கச் சொன்னதும் பழைய ஆள்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. ஸ்டிக்கரோடு அந்தப் பெட்டி பரணில் பத்திரமாக இருக்கிறது.