‘ரீபால்’ என்று சொல்லிச் சூடு காட்டித் தருகிறார்கள்: திருகோணமலையில் கேமிங் கம்பியூட்டர் வைத்திருப்போர் கவனிக்க

நகரில் உள்ள ஒரு ரிப்பேர் கடை, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட் (திரையில் படம் காட்டும் கார்ட்) ஒன்றுக்கு “சிப் போயிட்டுது, ரீபால் செய்யவேணும்” என்று சொல்லி 18,000 ரூபா வாங்கியிருக்கிறது. காலையில் கொடுத்த கார்ட் மத்தியானமே கைக்கு வந்தது. மூன்று கிழமை ஓடியது. பிறகு அதே பச்சைக் கோடுகள், அதே கட்டம் கட்டமான புள்ளிகள். திரும்பக் கொண்டுபோனால், ரிப்பேர் வேலைக்கு வாரண்டி இல்லையாம்.

சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்கைக் கழற்றினால், சிப்பின் நான்கு பக்கமும் பிளக்ஸ் (சோல்டர் ஒட்டப் பூசும் பசை) பழுப்பாகக் காய்ந்து கிடக்கிறது. துடைக்கக்கூட இல்லை. ஹொட் ஏர் அடித்துச் சூடாக்கியது மட்டும்தான் நடந்த வேலை. ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, பழைய சோல்டரை வழித்தெடுத்து, ஸ்டென்சில் வைத்துப் புதுச் சோல்டர் குண்டுகளை உருக்கி, பிறகு சிப்பைத் திரும்ப இருத்தவேண்டும். அடியிலிருந்தும் சூடு கொடுக்கும் பிஜிஏ மெஷின் இல்லாமல் அதை ஒழுங்காகச் செய்ய முடியாது. ஈயமில்லாத சோல்டர் ஏறக்குறைய 217 பாகை செல்சியஸில்தான் உருகும்.

சூடு காட்டினால் ஏன் கொஞ்ச நாள் வேலை செய்கிறது? பல கார்ட்களில் பழுதுக்குக் காரணமான வெடிப்பு போர்டுக்கும் சிப்புக்கும் நடுவில் இல்லை. சிப்புக்கு உள்ளே, சிலிக்கன் துண்டை அதன் தட்டோடு இணைக்கும் மிக நுண்ணிய புள்ளிகளில் இருக்கிறது. சூட்டில் அவை தற்காலிகமாக ஒட்டும், கேம் விளையாடும் சூட்டில் திரும்ப விடும். அந்தப் பழுதுக்கு உண்மையான ரீபால்கூட மருந்தில்லை. இந்தக் கார்டில் அநேகமாக அந்தப் பழுதுகூட இல்லை: கார்டைச் சோதிக்கும் ஓசிசிடி மென்பொருளின் விரேம் (கார்டின் மெமரி) டெஸ்ட் தொடங்கிய உடனேயே பிழைகளைக் கொட்டியது. அதாவது பழுது பெரும்பாலும் மெமரிப் பக்கம். எட்டு மெமரி சிப்பையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் நடுச் சிப்பில் கைவைத்ததே பிழை.

கடைக்குப் போக முன்னம் வீட்டில் பார்க்கக்கூடியவை நிறைய. கம்பியூட்டர் போட்டதும், விண்டோஸ் வர முன்னம் தெரியும் பயோஸ் திரையிலேயே கோடு விழுந்தால், மொனிட்டரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அப்பவும் விழுந்தால் அது கார்டின் பழுது, டிரைவர் இல்லை. விண்டோஸ் வந்த பிறகு மட்டும் என்றால், சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் அழிக்கும் மென்பொருள் கொண்டு டிரைவரை முழுதாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். கேம் நடுவில் கம்பியூட்டர் பட்டென்று நின்று திரும்ப எழும்பினால், முதலில் சந்தேகப்படவேண்டியது பவர் சப்ளையை. இந்தக் கார்ட் 185 வொட் வரை இழுக்கும். கேசிங்கோடு சேர்ந்து வரும் மலிவு சப்ளைகள் பல, ஸ்டிக்கரில் உள்ள வொட்டைத் தாங்காது. லோடில் 12 வோல்ட் வயர் 11.4க்குக் கீழே இறங்கினால் சப்ளையை மாற்றுங்கள்.

எங்கட ஊருக்கே உரியது இரண்டு. கடற்காற்றில் கார்டின் தங்கப்பல்லில் (மதர்போர்டில் செருகும் தங்கநிற விளிம்பில்) படலம் பிடிக்கும்; ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துச் செருகினாலே டிஸ்ப்ளே வராத கார்ட்கள் சில உயிர்பெறும். கச்சான் வீசும் மாதங்களில் அறையே கொதிக்கும். கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தின் பின்தான் கோடு வருகிறதென்றால் விசிறியையும், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் தேர்மல் பேஸ்டையும் பாருங்கள். இதற்கு யாருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கொடுக்க முன் சீரியல் இலக்கத்தையும் போர்டின் இரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். கழற்றிய சிப்பின் படம் கேளுங்கள். உண்மையாக வேலை செய்பவர் தயங்கமாட்டார். பில்லில் “சேர்விஸ்” என்று மட்டும் எழுத விடாதீர்கள், என்ன வேலை, எத்தனை மாத வாரண்டி என்று எழுதி வாங்குங்கள். கடையிலேயே அரை மணித்தியாலம் லோடில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு காசு. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், தொலைபேசி 1977.

அவணில் வைத்துச் சுடும் யூடியூப் வைத்தியமும் வேண்டாம். கெப்பாசிட்டர் வீங்கும், பிளாஸ்டிக் உருகும், பிளக்ஸ் புகை படிந்த அவணில் பிறகு சாப்பாடும் வைக்கேலாது.